நாடகமாடாதே

செய்யாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர், என் பாட்டி ஊர். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. ‘பகடைத் துகில்’ ஆடும் இரவன்று, பொழுது சாயும்போதே பாட்டி கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு போய் முன்னால் இடம் பிடித்துவிடுவாள். துரோபதை வேஷம் கட்டுகிறவர் ஆண். பகலில் தறி நெய்பவர். பாட்டிக்குத் தூரத்து முறையில் தம்பி. அரிதாரத்தின் கீழே மீசை மழித்த இடம் பச்சையாகத் தெரியும். பாட்டி அதை அறியாதவள் அல்ல. ஆனாலும் துச்சாதனன் சேலைத் தலைப்பில் கை வைத்ததும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுவாள். முகவீணை ஓயும்வரை அந்த அழுகை ஓயாது.

அப்படி ஓர் இரவு முடிந்து வீடு திரும்பியபோது சித்தி அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கல்யாணமாகி முதல் வருஷம். அவளுடைய அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லையென்று சேதி வந்திருந்தது. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டி பாயை மூலையில் சாத்திவிட்டு அவளைப் பார்த்தாள். இரவெல்லாம் அழுத கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. “இன்னாத்துக்குடி காலங்காத்தால நாடகமாடற?” என்றாள். எனக்கு அப்போது பத்து வயது. இந்தக் கேள்வியில் ஏதோ கணக்கு உதைக்கிறது என்று மட்டும் பட்டது.

அந்தக் கணக்கை இன்றுவரை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் பேச்சில் இந்த ஒரு குற்றச்சாட்டுக்குத்தான் எத்தனை சொற்கள். வலிக்கிறது என்பவனிடம் ‘நடிக்காதே’ என்கிறோம். கொஞ்சம் சத்தமாக வருத்தப்பட்டால் ‘டிராமா போடாதே’. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் ‘சீன் போடாதே’. தனக்குத் தெரிந்ததைச் சொன்னால் ‘படம் காட்டாதே’. ஒன்றுக்கொன்று நுட்பமான வேறுபாடும் உண்டு. கூத்து என்றால் கேலிக்குரியது: ‘நல்ல கூத்துதான் போ!’ டிராமா என்றால் அளவுக்கு மீறியது. சீன் என்றால் பகட்டு. நாடகம் என்றால் வஞ்சம். திருட்டுப்போன நகை வீட்டுப் பரணிலேயே கிடைத்தால் நாளிதழ் ‘கொள்ளை நாடகம் அம்பலம்’ என்று தலைப்பிடும். பிள்ளையே தன்னை ஒளித்துக்கொண்டு அப்பாவிடம் பணம் கேட்டால் அது ‘கடத்தல் நாடகம்’. இவற்றோடு, மாலை ஆறு மணிக்குமேல் வீடுகளில் ஓடும் தொலைக்காட்சித் தொடருக்கும் பெயர் நாடகம்தான். ‘நாடகம் பாக்கறேன், தொந்தரவு பண்ணாத’ என்று மருமகளிடம் சொல்லும் மாமியார், அரைமணி கழித்து அதே மருமகளிடம் அதே சொல்லை வேறு பொருளில் வீசுவதைப் பல வீடுகளில் கேட்கலாம்.

தமிழை இயல், இசை, நாடகம் என்று மூன்றாகப் பிரித்துப் பெருமை கொண்டாடுகிறவர்கள் நாம். மூன்றும் பேச்சு வழக்கில் அடைந்த கதியைப் பார்த்தால் ஓரவஞ்சனை புரியும். இயல் என்றால் இயல்பு, உண்மைத் தன்மை. இசை என்றால் பாட்டு மட்டுமல்ல, புகழும்தான். மூன்றாவது மட்டும் ஏமாற்று என்று பொருள் கொண்டுவிட்டது. அதை ஆடுகிறவனுக்கு வைத்த ‘கூத்தாடி’ என்ற பெயரும் வசையாகிவிட்டது. பாடகனையோ புலவனையோ அவன் தொழிற்பெயரைச் சொல்லியே திட்டிவிட முடியாது. கூத்தாடியை முடியும். இத்தனைக்கும் அரங்கின் நீளம் எட்டுக்கோல், அகலம் ஏழுகோல், உயரம் ஒருகோல் என்று அளவும், மூன்று வகைத் திரைக்கு மூன்று பெயரும் வைத்திருக்கிறது சிலப்பதிகாரம். மேடையை அவ்வளவு கவனமாக அளந்த மொழி, அதன்மேல் நிற்கிறவனை அளக்கும்போது கோலை எங்கோ தொலைத்துவிட்டது.

தமிழுக்கு மட்டும் வந்த வினை அல்ல இது. டிராமா என்ற சொல் பிறந்த கிரேக்கத்தில் அதன் வேர்ப்பொருள் ‘செய்தல்’. செயலைக் குறிக்கப் பிறந்த சொல், இன்று ஒன்றும் நடக்காமலே ஆர்ப்பாட்டம் செய்வதைக் குறிக்கிறது. நடிகனுக்கு அங்கே வழங்கிய பெயர்தான் ஆங்கிலத்தில் ‘ஹிபாக்ரிட்’ ஆயிற்று. நம்மிடம் ‘வேஷதாரி’ ஒரே சொல்லாக இருந்துகொண்டு இரண்டு வேலையும் பார்க்கிறது. மனிதர்கள் எங்கும் நடிகனைப் பார்க்கக் கூடுகிறார்கள். கலைந்ததும் அவன் பெயரை எடுத்துத் தமக்குப் பிடிக்காதவனுக்குச் சூட்டுகிறார்கள்.

ஆனால் தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிச் சுவை உண்டு. 1967 முதல் 2016 வரை, இடையிடையே பொறுப்பேற்றவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், இங்கே முதலமைச்சராக இருந்த அண்ணாதுரை, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா ஐவரும் மேடைக்கோ திரைக்கோ எழுதியவர்கள் அல்லது அங்கே நடித்தவர்கள். எம்.ஜி.ஆர். சிறுவயதில் பாய்ஸ் கம்பெனியில் வேஷம் கட்டியவர். வி.சி. கணேசன் ‘சிவாஜி’ ஆனதே அண்ணாவின் நாடகம் ஒன்றில். அரை நூற்றாண்டு நாடகக்காரர்களைத் தேடித்தேடி ஆட்சியில் அமர்த்திய அதே மக்களுக்கு, எதிர்க்கட்சியைத் திட்ட இன்றும் கிடைக்கும் முதல் சொல் ‘நாடகம்’. உண்ணாவிரத நாடகம், ராஜினாமா நாடகம், கூட்டணி நாடகம், வெளிநடப்பு நாடகம். சட்டமன்றக் குறிப்பேட்டிலிருந்து எத்தனையோ சொற்களை நீக்கியிருக்கிறார்கள். இந்த ஒன்றையும் நீக்கிவிட்டால் பல உரைகளில் எழுவாயும் பயனிலையும்தான் மிஞ்சும்.

நாடகம் வெறும் பொய் என்பதை ஒருநாளும் நம்பாதது ஒன்று உண்டு. அது அரசாங்கம். 1876-இல் வெள்ளையர் அரசு நாடக நிகழ்ச்சிச் சட்டம் கொண்டுவந்தது; ஆட்சிமீது வெறுப்பை மூட்டும் நாடகத்தைத் தடுக்கும் அதிகாரத்தை அது அதிகாரிகளுக்குத் தந்தது. விடுதலை வந்தது, சட்டம் போகவில்லை. எம்.ஆர். ராதா மேடையேறி ஊரைக் கலக்கிக்கொண்டிருந்த 1954-இல் சென்னை மாநிலம் தனக்கென ஒரு சட்டமும் செய்துகொண்டது. நாடகப் பிரதி காவல்துறையின் மேசைக்குப் போய் வரவேண்டியதாயிற்று. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் அந்த 1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2013-இல்தான் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. ‘விடப்பா, நாடகம்தானே’ என்று ஒரு காவல் ஆய்வாளரும் சொன்னதில்லை. மேடையில் ஒருவன் சொல்வது உண்மையாகிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஒரு வகையில் கலையை அவர்கள்தான் மதித்தார்கள்.

அப்படியானால் பாட்டியின் கணக்கு எங்கே உதைக்கிறது? இரவில் அவள் கண்ணெதிரே அழுதவர் உண்மையில் அழவில்லை என்று அவளுக்குத் தெரியும், நம்பினாள். காலையில் அழுதவள் உண்மையிலேயே அழுகிறாள் என்றும் தெரியும், நம்ப மறுத்தாள். வேறுபாடு அழுதவர்களிடம் இல்லை. துரோபதைக்காக அழுவதற்கு ஒரு பாய் போதும். விடிந்ததும் உதறிச் சுருட்டிக்கொண்டு வந்துவிடலாம். சித்தியின் அழுகையை நம்பினால் செலவு இருக்கிறது. பேருந்துக்குக் காசு கொடுக்க வேண்டும். நான்கு நாள் அடுப்பைப் பாட்டியே பார்க்க வேண்டும். போக விடாததற்காகக் கொஞ்சம் வெட்கப்படவும் வேண்டும். நம்பினால் செலவாகும் இடத்தில்தான் ‘நாடகம்’ என்ற சொல் நம் நாக்கில் ஏறுகிறது. அடிவயிற்று வலியென்று விடுப்புக் கேட்கும் பெண்ணைப் பற்றி அலுவலகத்தில் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். விடுப்பு கொடுத்தால் அவள் வேலையை இன்னொருவர் பார்க்க வேண்டும். பிரசவ அறையில் கத்துகிறவளைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். அங்கே கையிருப்பில் மிகக் குறைவாக இருந்தது பொறுமை. சொல் சிறியது. ஆனால் எந்தக் கடனையும் ஒரே மூச்சில் தள்ளுபடி செய்துவிடும்.

இது வீட்டுக்குள் நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நாடகம் என்ற சொல் காதல் என்ற சொல்லோடு சேர்ந்தபோது நடந்தது வேறு.

இரண்டையும் முதலில் சேர்த்தவர் தொல்காப்பியர். அகப்பாடல் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும்போது, நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே புலவர் நெறி என்கிறார். உலகத்தில் நடப்பது உலகியல். நடப்பவற்றில் சுவையானதையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி அமைப்பது நாடகம். காதல் என்பது இரண்டும் சேர்ந்தது என்பது அவர் கண்டது. மாலையும் மழையும் தோழியும் செவிலியும் உரிய நேரத்தில் வந்து நிற்பது நாடகம். பிரிந்தவர்களுக்கு வலிப்பது உலகியல். இதில் இழிவாக அவருக்கு எதுவும் தோன்றவில்லை. கூடவே ஒரு விதியும் வைத்தார்: அகத்திணையில் தலைவனையோ தலைவியையோ இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது. காதல் யாருடையதாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட அடக்கமான ஏற்பாடு இல்லை.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் இன்றும் அதிகம் நடக்கும் ஸ்பெஷல் நாடகம் ‘வள்ளி திருமணம்’. இரவு பத்து மணிக்குமேல் பபூன் வந்து தொடங்கிவைத்தால் கிழக்கு வெளுக்கும்வரை போகும். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தினைப்புனம் காக்கும் குறவர் வீட்டுப் பெண்மேல் வேற்றுக் குலத்தான் ஒருவன் ஆசை வைக்கிறான். வேடனாக வருகிறான். அவளுடைய தகப்பன் வரும் அரவம் கேட்டதும் வேங்கை மரமாகி நிற்கிறான். பிறகு தள்ளாத கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். காரியம் ஆகவில்லையென்றதும் அண்ணனை யானையாக வரவழைத்துப் பெண்ணை அச்சுறுத்தித் தன் கையில் விழவைக்கிறான். ஒரு காதலுக்காக இத்தனை வேஷம் போட்டவன் தமிழில் வேறு எவனுமில்லை. வள்ளியும் வேடனும் தர்க்கம் செய்யும் கட்டத்தில், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முடிவில் நம்பிராஜன் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கும்போது ஊரே கும்பிடும். அந்த நாடகத்துக்கு ஊர்ப் பொதுவில் வரி போட்டுப் பணம் கட்டுகிறார்கள்.

அந்த முருகன் வேஷத்தில் புகழ்பெற்றவர் விஸ்வநாததாஸ். தேசபக்திப் பாட்டைப் புராண நாடகத்துக்குள் புகுத்திப் பாடிப் பலமுறை சிறைசென்றவர். முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடியாக நடிக்கச் சில நடிகைகள் மறுத்ததுண்டு. அரிதாரம் பூசி, பாட்டு எழுதிவைத்து, கொட்டகைக்கு டிக்கெட் விற்று, அத்தனை பேர் முன்னிலையில் பொய்யாகக் காதலிப்பதற்குக்கூடச் சாதி பார்த்திருக்கிறோம். நாடகத்தை நாடகமாக மட்டும் நாம் எடுத்துக்கொண்டதில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தபோது, முருகனாக மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. தலை சாய்ந்ததும் நடிப்பில் ஒரு பகுதி என்று எத்தனை பேர் ஒரு கணம் நினைத்திருப்பார்களோ.

அவர் இறந்து ஏறக்குறைய 72 ஆண்டுகள் ஆனபின் தமிழில் ஒரு புதுச் சொற்றொடர் ஊரெங்கும் பரவியது: நாடகக் காதல். தர்மபுரி மாவட்டத்தில் சாதி கடந்த ஒரு திருமணம். அதையடுத்துப் பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. 2013 ஜூலையில் அந்த மணமகன் ரயில்பாதை ஓரத்தில் இறந்து கிடந்தான். இடைப்பட்ட மாதங்களில் மேடைக்கு மேடை சொல்லப்பட்டது: தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு நம் வீட்டுப் பெண்களை மயக்குகிறார்கள், அது காதலல்ல, நாடகம். கிழவன் வேஷமும் வேங்கை மரமும் திருவிளையாடல். ஜீன்ஸ் மட்டும் வேஷம். பின்னர் 2020-இல் இதே பொருளில் ஒரு திரைப்படமும் வந்தது. அதற்கு வைத்த பெயர் ‘திரௌபதி’. என் பாட்டியின் அம்மனை இங்கே ஏன் இழுத்தார்கள் என்று கேட்க அவள் உயிரோடு இல்லை. அந்த மணமக்கள் இருவரின் பெயரை நான் எழுதவில்லை. அகத்துக்கு உரிய பழைய விதியை ஒருவராவது காப்பாற்றிவிட்டுப் போகட்டும்.

இங்கேயும் அதே கணக்குத்தான். அவர்கள் காதலை மெய்யென்று ஒப்புக்கொண்டால் ஊருக்குச் செலவு அதிகம். தெருவுக்கும் காலனிக்கும் நடுவே உள்ள பாதையை, சுடுகாட்டை, பெண் கொடுத்து எடுக்கும் வழக்கத்தை எல்லாம் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். ஒற்றைச் சொல்லை முன்னால் சேர்த்தால் அந்தச் செலவு மிச்சம்.

ஏமாற்றுகிறவர்களே உலகத்தில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பொய்க் கண்ணீர் உண்டு, பொய்க் காய்ச்சல் உண்டு, பொய்க் காதலும் உண்டு. அதைச் சுட்ட ஒரு சொல் வேண்டும்தான். ஆனால் கூத்துப் பார்க்கிறவர்களிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. கட்டியங்காரன் வந்து முதல் சிரிப்பு மூட்டியதிலிருந்து மங்களம் பாடும்வரை உட்கார்ந்திருந்தவர்தான் மறுநாள் டீக்கடையில் ‘துரோபதை சரியில்ல’ என்று பேசலாம். பாதியில் எழுந்து போனவர் வாயைத் திறந்தால், ‘நீ எங்க பாத்த?’ என்று கேட்டு அடக்கிவிடுவார்கள். வாழ்க்கையில் நாம் முதல் வரியிலேயே எழுந்துவிடுகிறோம். ஒருத்தி அழத் தொடங்கும்போதே தீர்ப்பு வந்துவிடுகிறது. ஒன்றை நாடகம் என்று சொல்லுமுன் அதை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். முழுதாகப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

பகடைத் துகிலில் ஒரு வழக்கம் உண்டு. சேலையைத் தொடும் கட்டம் வந்ததும் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதன வேஷம் கட்டியவர் கைகூப்பி, கதைக்காகச் செய்கிறேன், பிழை பொறுத்துக்கொள் தாயே என்று அம்மனை வேண்டிக்கொண்ட பிறகே தலைப்பில் கை வைப்பார். எதிரே நிற்பவர் தறி நெய்கிற ஆண் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தியின் மானத்தின்மேல் கை வைப்பது போன்ற பாவனைக்குக்கூட மன்னிப்பு வேண்டும் என்று அந்தக் கலை அவருக்குக் கற்பித்திருக்கிறது. நாம் வசையாக வீசும் ‘கூத்தாடி’ அவர்தான்.

அன்று சித்தியைப் போகவிடவில்லை. ஐந்தாம் நாள் அவள் அம்மா இறந்த சேதி வந்தது. அதன்பின் பாட்டி அவளை ஒருமுறைகூட அந்தச் சொல்லால் ஏசியதாக நினைவில்லை. தேவையும் ஏற்படவில்லை, சித்தி எங்கள் முன்னால் அழுததில்லை. இப்போது அவளுக்கு எழுபது வயது. போன வருஷத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பாட்டி பாய் விரிக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். துகில் உரியும் கட்டத்தில் சுற்றி இருந்த பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். சித்தி கண் கலங்காமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு அழுகை வரலியா சித்தி?” என்றேன்.

“நாடகந்தானேடா” என்றாள்.